விதையிலிருந்து காரமான மிளகாய்: முளை முதல் பழம் வரை வீட்டிலேயே வளர்க்கும் முழு வழிகாட்டி

முதல் தடவை ஹாபநேரோ என்ற கடும் கார மிளகாயின் விதை போட்டுவிட்டு 15 நாள் காத்திருந்தேன். ஒரு முளைகூட வரவில்லை. விதை சரியில்லை என்று நினைத்து, தட்டில் இருந்த மண்ணை ஒரு காலிப் பூந்தொட்டியில் கொட்டிவிட்டேன். அடுத்த 9 நாளில் அந்தத் தொட்டியின் ஓரத்தில் மூன்று முளைகள் தலையை நீட்டின. விதையில் ஒரு குறையும் இல்லை. தட்டு இருந்த மூலை குளிர்ச்சியாக இருந்தது, தொட்டி இருந்த இடத்தில் வெயில் பட்டு மண் சூடாகியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு பல வருடங்களாக மிளகாய் வளர்க்கிறேன். நான் பார்த்தவரை, செடி கைவிட்டுப் போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்: முளைக்கும்போது சூடு போதாமல், முளைத்த பிறகு தண்ணீர் அதிகமாகி. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் செடியே பார்த்துக்கொள்ளும்.

எந்த ரகத்தில் தொடங்கலாம்

மனிதர்கள் பயிராக்கிய மிளகாய் இனங்கள் ஐந்து. அவற்றில் வீட்டில் அதிகம் வளர்வது இரண்டு. ஒன்று கேப்சிகம் ஆன்னுவம்: ஹாலபென்யோ, கயேன், குடைமிளகாய் எல்லாம் இந்த இனம். இன்னொன்று கேப்சிகம் சைனென்ஸ்: ஹாபநேரோ, பூத் ஜொலோக்கியா, கரோலினா ரீப்பர் போன்ற கடும் காரக்காரர்கள் இந்தக் குடும்பம். பெயரில் சீனா இருந்தாலும் இதற்கும் சீனாவுக்கும் சம்பந்தமில்லை. மிளகாய் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை.

இந்த இரண்டு இனங்களுக்கும் உள்ள வேறுபாட்டை விதை போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் காலக்கணக்கே மாறும். ஆன்னுவம் ரகங்கள் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும், நாற்றை நட்ட இரண்டு மூன்று மாதத்தில் காய் தரும். சைனென்ஸ் முளைக்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நட்ட பிறகு பழுத்த பழம் பறிக்க மூன்று முதல் ஐந்து மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

காரத்தை ஸ்கோவில் அலகில் சொல்வார்கள். 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, சுவைப்பவர்களுக்குக் காரம் தெரியாமல் போகும்வரை நீர்த்துக்கொண்டே போய் இந்த அளவை உருவாக்கினார். இப்போது கருவி வைத்து அளக்கிறார்கள். ஹாலபென்யோ 2,500 முதல் 8,000 வரை. கயேன் 30,000 முதல் 50,000. ஹாபநேரோ 1 லட்சம் முதல் 3.5 லட்சம். பூத் ஜொலோக்கியா 10 லட்சத்தைத் தொடும். கரோலினா ரீப்பரின் சராசரி 16 லட்சத்துக்கு மேல். 2023-இல் கின்னஸ் சாதனையாகப் பதிவான பெப்பர் எக்ஸின் சராசரி 26.93 லட்சம்.

முதல் தடவை என்றால் ஒரு ஆன்னுவமும் ஒரு சைனென்ஸும் சேர்த்துப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். முதலாவது சீக்கிரம் காய்த்து உற்சாகம் தரும், அந்த உற்சாகத்தில் இரண்டாவதற்குக் காத்திருக்கலாம்.

எப்போது போடுவது

குளிர்காலம் உறைபனி வரை போகும் இடம் என்றால், கடைசி உறைபனி முடியும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஆன்னுவத்தை 8 வாரம் முன்பும் சைனென்ஸை 10 முதல் 12 வாரம் முன்பும் வீட்டுக்குள் போடுங்கள். உறைபனியே இல்லாத இடத்தில் கணக்கு வேறு. அங்கே பூக்கும் காலம் உச்சக் கோடையில் மாட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். காரணத்தைப் பூ பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

விதை போடுதல்

விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். இது கட்டாயமில்லை, ஆனால் பழைய விதைக்கும் சைனென்ஸுக்கும் உதவுகிறது. 24 மணி நேரத்துக்கு மேல் ஊற விட வேண்டாம், விதைக்குக் காற்றும் தேவை.

நாற்றுக்கான கலவை லேசாக இருக்க வேண்டும். நான் தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கும், நன்றாகச் சலித்த மண்புழு உரம் ஒரு பங்கும் கலக்கிறேன். தோட்டத்து மண்ணை இந்தக் கட்டத்தில் சேர்ப்பதில்லை. அதில் இருக்கும் பூஞ்சைகள் இளம் நாற்றை ஒரே இரவில் சாய்த்துவிடும். நார்க்கழிவு கட்டியாக வாங்கியது என்றால் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்து விடுங்கள், உப்பு போய்விடும்.

குழித்தட்டிலோ, அடியில் ஓட்டை போட்ட சின்னக் கப்பிலோ கலவையை நிரப்பி, முதலில் ஈரப்படுத்துங்கள். கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து லேசாக மூடுங்கள். ஒரு குழிக்கு இரண்டு விதை. ரகத்தின் பெயரையும் தேதியையும் அப்போதே எழுதி ஒட்டிவிடுங்கள். நாற்றாக இருக்கும்போது எல்லா மிளகாயும் ஒரே முகம்தான்.

இனி சூடு. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும் தோற்கிறார்கள். சாதாரண மிளகாய் விதை மண் 15 டிகிரி செல்சியஸில் இருந்தால் முளைக்க சுமார் 25 நாள் எடுக்கும். 20 டிகிரியில் அது சுமார் 13 நாளாகக் குறையும். 25 முதல் 30 டிகிரிக்குள் 8 நாளே போதும். 35-ஐத் தாண்டப் போனால் வேகம் மறுபடியும் குறைய ஆரம்பிக்கும். அறையின் வெப்பநிலை இங்கே கணக்கில்லை, மண்ணின் வெப்பநிலைதான் கணக்கு. ஈரமான மண் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தே இருக்கும். அதனால் அறையில் 24 டிகிரி காட்டினாலும் விதை 21-இல் படுத்திருக்கலாம். சமையலுக்குப் பயன்படாத ஒரு தெர்மாமீட்டரை மண்ணில் செருகிப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

நாற்றுகளுக்கென விற்கும் சூடாக்கும் விரிப்பு இருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் ஃபிரிட்ஜின் மேல்பகுதி, எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும் ஏதாவது ஒரு கருவியின் மேல் என்று வீட்டிலேயே இடம் தேடலாம். தட்டின் மேல் ஒளி ஊடுருவும் மூடி போடுங்கள், அல்லது பிளாஸ்டிக் கவர் சுற்றுங்கள். தினமும் ஒரு தடவை திறந்து காற்றாட விடுங்கள். முளைக்கும்வரை வெளிச்சம் தேவையில்லை. நேரடி வெயிலில் மூடிய தட்டை வைத்தால் உள்ளே சூடேறி விதை வெந்துவிடும்.

ஒரு மாதம் ஆகும்வரை தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

முளை வந்தவுடன்

முதலில் தெரிவது வளைந்த கொக்கி போன்ற ஒரு வெளிர்த் தண்டு. தலை இன்னும் மண்ணுக்குள் இருக்கும். ஒரு நாளில் அது நிமிரும். சில நாற்றுகளில் விதையின் தோல் தொப்பி மாதிரி, முதலில் விரியும் இரண்டு இலைகளான வித்திலைகளின் நுனியில் மாட்டிக்கொண்டு வரும். கை வைத்துப் பிடுங்காதீர்கள், பாதித் தடவை தலையே முறிந்து வரும். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் விட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, பல்குச்சியின் முனையால் மெல்லத் தள்ளுங்கள். வராவிட்டால் மறுபடி ஒரு சொட்டு. பெரும்பாலும் மறுநாள் காலையில் தானே விழுந்திருக்கும்.

பாதி முளைகள் தெரிந்ததும் மூடியை எடுத்துவிட்டு உடனே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டுவிடும். ஜன்னல் ஓரம் மட்டும் என்றால் தினமும் தட்டைத் திருப்பி வையுங்கள். எல்.இ.டி. விளக்கு என்றால் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம். லேசான காற்று படும்படி வையுங்கள், அல்லது தினமும் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெல்ல வருடிக்கொடுங்கள். அந்த அசைவில் தண்டு தடிக்கும்.

நாற்று திடீரென்று மண்மட்டத்தில் கறுத்து, இடுப்பொடிந்தது போலச் சாய்ந்தால் அது நாற்றழுகல். வந்துவிட்ட நாற்றைக் காப்பாற்ற முடியாது, அதை மண்ணோடு எடுத்துவிடுங்கள். மற்றவற்றுக்குத் தண்ணீரை உடனே குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். இந்தப் பருவத்தில் மேலிருந்து ஊற்றுவதைவிட, தட்டைத் தண்ணீர் உள்ள ஒரு தாம்பாளத்தில் பத்து நிமிடம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுப்பது பாதுகாப்பு.

ஒரு குழியில் இரண்டும் முளைத்திருந்தால் மெலிந்ததைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் அசையும். வெட்ட மனசு வராதுதான், ஆனாலும் வெட்டத்தான் வேண்டும்.

தொட்டி மாற்றுவது

வித்திலைகளுக்குப் பிறகு வருபவைதான் உண்மையான இலைகள். அவை நான்கு வந்ததும் அரை லிட்டர் அளவுத் தொட்டிக்கு மாற்றலாம். நாற்றைத் தூக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடியே போய்விடும். தக்காளி மாதிரி ஆழமாகப் புதைக்க வேண்டியதில்லை. நாற்று நீண்டுவிட்டிருந்தால் வித்திலைக்குக் கொஞ்சம் கீழே வரை மண் போடலாம்.

கடைசித் தொட்டி, ஆன்னுவத்துக்குக் குறைந்தது 10 முதல் 12 லிட்டர். சைனென்ஸுக்கு 15 முதல் 20 லிட்டர். சின்ன நாற்றை நேராகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். அதனால்தான் இரண்டு மூன்று படியாக மாற்றுகிறோம். இந்தத் தொட்டிக்கான கலவையில் தோட்ட மண், நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றும் சம அளவில் போடுகிறேன், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்க்கிறேன். மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 6 முதல் 6.8 வரை இருந்தால் மிளகாய்க்குப் பிடிக்கும்.

வெளியே வைப்பதற்கு முன் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் காலை வெயில், அப்படியே கூட்டிக்கொண்டு போகலாம். வீட்டுக்குள் வளர்ந்த இலை நேராக மதிய வெயிலைப் பார்த்தால் வெள்ளைத் திட்டாக வெளுத்துவிடும். இரவு 12 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். பழகிய செடிக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேர வெயில் வேண்டும்.

தண்ணீர்: தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

தினமும் காலையில் ஒரு குவளை என்று கணக்கு வைத்து ஊற்றுவது மிளகாய்க்கு ஆகாது. செடி குடிக்கும் அளவு வெயிலுக்கும் காற்றுக்கும் தன் வளர்ச்சிக்கும் ஏற்றபடி நாளுக்கு நாள் மாறும்.

நான் செய்வது இது. நன்றாகத் தண்ணீர் ஊற்றி, அடி ஓட்டையில் வடிந்து முடிந்ததும் தொட்டியை ஒரு தடவை தூக்கிப் பார்ப்பேன். அந்தக் கனம் கைக்குப் பழகிவிடும். அடுத்தடுத்த நாள் தூக்கும்போது கனம் பாதியாகத் தெரிந்தால் ஊற்றுவேன். பெரிய தொட்டியைத் தூக்க முடியாது, ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாலே போதும். அதுவும் முடியாவிட்டால் விரலை இரண்டு கணு ஆழம் செருகுங்கள். அங்கே ஈரம் இருந்தால் இன்று வேண்டாம். ஊற்றும்போது மேல் மண் நனையும் அளவோடு நிறுத்தாமல், அடியில் வடியும்வரை ஊற்றுங்கள்.

உச்சி வெயிலில் இலைகள் தொங்கினால் பதறாதீர்கள். மண் ஈரமாக இருந்தும் தொங்குகிறது என்றால் அது வெயிலைச் சமாளிக்கிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கியிருந்தால்தான் கவனிக்க வேண்டும். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சு முட்டுகிறது. இரண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும், மண்ணைத் தொடாமல் முடிவெடுத்தால் அழுகும் வேருக்கு மேலும் தண்ணீர் ஊற்றிவிடுவோம்.

உரம்

முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் வேண்டாம். அப்புறம் பாதி வீரியத்தில், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இலை பெருகும் காலத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) தேவைதான், ஆனால் மொட்டு தெரிந்ததும் அதைக் குறைத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள உரத்துக்கு மாறுங்கள். கரும்பச்சையாக, புதர் போலச் செழித்து நின்று ஒரு பூவும் வைக்காத செடியைப் பார்த்தால், தழைச்சத்து கூடிவிட்டது என்று அர்த்தம்.

பூவும் காயும்

சில ஆன்னுவச் செடிகள் ஒற்றைத் தண்டாக உயரும். ஆறேழு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். சைனென்ஸ் தானாகவே நன்றாகக் கிளைக்கும், நான் கிள்ளுவதில்லை. செடி சின்னதாக இருக்கும்போதே வரும் முதல் சில பூக்களை எடுத்துவிடுவேன். செடி அந்தச் சக்தியில் இன்னும் வளரும்.

மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில்தான். காற்றோ தேனீயோ வராத இடத்தில், காலை நேரத்தில் பூக்காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் மகரந்தம் விழும்.

பூ உதிர்ந்தால் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். பகல் 33, 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு 15-க்குக் கீழே போனாலும், இரவிலும் புழுக்கம் குறையாமல் 24-க்கு மேலேயே இருந்தாலும் செடி பூவை உதிர்த்துவிடும். அது நோய் இல்லை. மதியத்தில் நிழல்வலை போட்டுப் பாருங்கள், பருவம் மாறியதும் தானே காய் பிடிக்கும்.

காயின் அடிநுனி பழுப்பாகிக் குழிந்தால் அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அந்தச் சத்து இருந்தும்கூட இப்படி ஆகலாம், ஏனென்றால் அது தண்ணீரோடு சேர்ந்துதான் நகரும். ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று போனால் காயின் நுனிக்கு எட்டாது. தண்ணீரைச் சீராக்குங்கள், அடுத்து வரும் காய்கள் சரியாகிவிடும்.

பூச்சிகள்

வாரத்துக்கு இரண்டு தடவை இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். இதைவிட நல்ல மருந்து இல்லை.

இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி, கவிழ்த்த படகு மாதிரி மடிந்து, குருத்து சிறுத்துத் தடித்தால் சிலந்திப்பேன். இந்தச் சிலந்திப்பேனை வெறும் கண்ணால் பார்க்க முடியாது, அதனால்தான் பலரும் சத்துக்குறை என்று நினைத்து உரத்தை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். குருத்தில் கூட்டமாகப் பச்சையாகவோ கறுப்பாகவோ ஒட்டியிருப்பது அசுவினி. தொட்டால் பறப்பது வெள்ளை ஈ.

அசுவினிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மற்றவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், அது கரைய சில சொட்டு திரவ சோப்பு. வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று வாரம். ஒரு தடவை அடித்துவிட்டு விட்டால் முட்டைகள் பொரித்து மறுபடி வரும். சிலந்திப்பேன் பிடிவாதமாக இருந்தால் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் நல்ல பலன் தரும். ஆனால் எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்காதீர்கள், கடும் வெயில் நாளிலும் வேண்டாம். இலை கருகிவிடும்.

இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, செடி குட்டையாகவே நின்றால் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டுக் கையைச் சோப்பால் கழுவுங்கள். புகையிலையைத் தொட்ட கையிலிருந்தும் ஒரு வகை வைரஸ் மிளகாய்க்குத் தொற்றும் என்பதால், புகைப்பவர்கள் செடிப் பக்கம் வரும் முன் கை கழுவுவது அவசியம்.

பறிப்பதும் அறுப்பதும்

காய் முழு அளவை எட்டியதும் பச்சையாகப் பறிக்கலாம், நிறம் மாறும்வரை விட்டால் மணமும் இனிப்பும் கூடும். பூத்ததிலிருந்து நன்றாகப் பழுக்க சைனென்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். இழுக்காமல் கத்தரியால் காம்போடு வெட்டுங்கள். காய்களை அடிக்கடி பறித்தால்தான் செடி அடுத்த சுற்றுப் பூவுக்குத் தயாராகும்.

காரம் விதையில் இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு ஹாபநேரோவை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய சவ்வில் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் மினுங்கும். காரம் தரும் கேப்சைசின் உருவாவது அந்தச் சவ்வில்தான். விதைக்கு அது ஒட்டிக்கொண்டு வந்த காரம். பறவைகளுக்கு இந்தக் காரம் உறைப்பதே இல்லை, பழத்தை விழுங்கி விதையைத் தூரத்தில் போடும். பல்லால் அரைத்து விதையை அழிக்கும் விலங்குகளைத்தான் காரம் விரட்டுகிறது.

ஹாபநேரோவுக்கு மேலே எதை அறுத்தாலும் கையுறை போடுங்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணையும் காண்டாக்ட் லென்ஸையும் அன்று முழுவதும் தொடாமல் இருப்பது நல்லது. காய்ந்த மிளகாயை அரைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடத்துக்கு

எஃப்1 என்று விற்கும் முதல் தலைமுறைக் கலப்பின விதையிலிருந்து வந்த செடியின் விதை தாயைப் போல வராது. மற்ற ரகங்களிலும் தேனீ பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கலாம். உறுதியாக அதே ரகம் வேண்டுமென்றால், பூ மலரும் முன்பே ஒரு கிளையை மெல்லிய வலைப் பையால் மூடி, தினமும் தட்டிவிடுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்து, அந்தக் காய்களில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நன்றாகப் பழுத்த பிறகு விதையை எடுத்து நிழலில் காயவையுங்கள். வளைத்தால் மடங்காமல் முறியும் அளவுக்குக் காய்ந்ததும் கண்ணாடிக் குப்பியில் போட்டு, குளிர்ந்த இருட்டான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று வருடம் தாராளமாக முளைக்கும்.

செடியையும் தூக்கிப் போட வேண்டாம். மிளகாய் ஒரே பருவத்தோடு முடியும் செடி அல்ல, உறைபனி படாமல் காத்தால் சில வருடம் வாழும். காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளைக் கவட்டைக்குக் கொஞ்சம் மேலே விட்டு, மொத்தம் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டுங்கள். இலைகளை எடுத்துவிடுங்கள், தண்ணீரை நன்றாகக் குறையுங்கள். குளிர் இடமென்றால் 10 டிகிரிக்கு மேலுள்ள ஓர் அறையில் வையுங்கள். பார்க்கக் காய்ந்த குச்சி மாதிரி இருக்கும். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. சூடு திரும்பியதும் கணுக்களில் புள்ளி புள்ளியாகத் தளிர் வரும். அந்தச் செடி புது நாற்றைவிடப் பல வாரம் முன்பே பூத்துவிடும்.